ஐம்பத்தெட்டு கிலோ அம்மணியுடன் ஈரோடு வரை

மெல்பர்னில் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவதென்றால் மூன்று வாரம் முன்பே நாள் குறித்து, உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எழுதிக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். கல்யாண அழைப்பு மின்னஞ்சலில் வரும். வருகிறேன், வரவில்லை என்று ஒரு பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. இருபது வருடம் இப்படிப் பழகிப்போன வயிற்றோடு நான் கோவையில் வந்து இறங்கினேன். ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம். அதற்குப் பத்திரிகை வைக்க வேண்டும்.

நான் மாயவரத்துக்காரன். என் மனைவி கொங்கு நாட்டுப் பெண். சொந்தக்காரர்களை அவர்கள் ‘ஒறம்பரை’ என்பார்கள். அந்த ஒறம்பரையை மனைவி இரண்டாகப் பிரித்தாள். கோவையும் பொள்ளாச்சியும் அவளுக்கு, பல்லடத்திலிருந்து ஈரோடு வரைக்கும் எனக்கு. கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தாள்.

“வாசல்ல நின்னு குடுத்துப்போட்டு வந்தீங்கன்னா ஒருத்தரும் கல்யாணத்துக்கு வர மாட்டாங்க. ஒவ்வொரு ஊட்லயும் உக்காந்து ஒரு வாயாச்சும் சாப்புடோணும்.”

ஆண்பிள்ளை தனியாகப் போய் நின்றால் மரியாதை இல்லை, குங்குமத் தட்டைப் பிடிக்க ஒரு பெண் வேண்டும் என்பதால் தாரணி என்னோடு வந்தாள். என் மைத்துனரின் மகள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். கார் நன்றாக ஓட்டுவாள். எல்லா வீட்டுக்கும் வழி தெரியும், யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரியும். இதில் இரண்டாவதுதான் எனக்கு அதிகம் தேவைப்பட்டது.

“மாமா, உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லீங்க. எனக்குத்தான் ஒண்ணு இருக்குதுங்க” என்று சூலூர் வருவதற்குள் ஆரம்பித்தாள்.

பிரச்சினையின் பெயர் ஐம்பத்தெட்டு கிலோ. தாரணி பளுதூக்கும் வீராங்கனை. அந்த விளையாட்டில் உடல் எடையை வைத்துத்தான் பிரிவு. நாங்கள் கிளம்பிய ஐந்தாம் நாள் காலை பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். போட்டிக்கு முன்னால் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்துவார்கள். ஐம்பத்தெட்டுக்கு மேல் முள் நகர்ந்தால் அடுத்த பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே இவளைவிட ஏகத்துக்கும் தூக்குகிற ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளாம். கிளம்பும் முன்பு பயிற்சிக்கூடத் தராசில் தாரணி ஐம்பத்தெட்டே கால் இருந்தாள்.

“கால் கிலோதானே கண்ணு?” என்றேன்.

“கால் கிலோதானுங்க. ஆனா நாம போறது ஒறம்பரை ஊட்டுக்கு” என்றாள்.

அவள் இடது முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு. ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு போட்டியில், கம்பி தலைக்கு மேல் போன நேரத்தில் அந்தக் கை மடங்கிவிட்டது. “மடங்கற பக்கம் மடங்கியிருந்தாப் பரவால்லீங்க மாமா. மடங்காத பக்கம் மடங்கிருச்சு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு என் முழங்கை வலித்தது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் ஆறுதலாக, இனி எழுதலாம், சமைக்கலாம், கோலம் போடலாம் என்றாராம். “கோலம் நான் முன்னாடியும் போட்டதில்லீங்க டாக்டர்” என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு மாதக்கணக்கில் விளக்குமாற்றுக் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகியிருக்கிறாள். பிறகு வெறும் கம்பி. பிறகு ஒவ்வொரு தட்டாக மாட்டி மாட்டி, பழைய எடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டாள். ஆனால் ஒரே இழுப்பில் தரையிலிருந்து தலைக்கு மேல் கொண்டுபோகிற ஸ்னாட்ச் மட்டும் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. “கை தூக்கிருமுங்க மாமா. மனசுதான் பாதியில போட்டுருது.”

அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். இந்த முறை அணியில் இடம் கிடைத்தால் தொடரலாம், கிடைக்காவிட்டால் கம்பியை விட்டுவிட்டு வங்கித் தேர்வு வகுப்பில் சேர வேண்டும். இவ்வளவு இருக்கும்போது என்னோடு ஏன் கிளம்பினாய் என்று கேட்டேன். கடைசி நாட்களில் கனமாக எதையும் தூக்காதே என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். “ஊட்ல சும்மா இருந்தா எங்கம்மா சாப்புடு சாப்புடுன்னு உசுர எடுக்கறாங்க. அதான் உங்ககூட வந்துபோட்டேன்.”

ஓர் அம்மாவிடமிருந்து தப்பிக்க முப்பது அம்மாக்களின் வீட்டுக்குக் கிளம்பிய பெண்ணை அன்றுதான் பார்த்தேன்.

பல்லடத்தில் முதல் வீடு. என் மனைவிக்கு அக்கா முறை. பத்திரிகையை வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்த கையோடு இலையைப் போட்டுவிட்டார். புரட்டாசி என்பதால் கோழிகள் பிழைத்தன. நான் பிழைக்கவில்லை. சந்தகை, தேங்காய்ப் பால், நெய் ஒழுகும் ஒப்புட்டு என்கிற போளி, அதற்கு மேல் அரிசிம்பருப்புச் சாதம். எங்கள் ஊரில் விருந்தாளி “போதும்” என்றால் இன்னும் ஒரு கரண்டி வைப்பார்கள். இங்கே “போதும்” என்ற சொல்லை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்வதில்லை.

தாரணி இலையில் இருந்ததை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்தாள். அக்கா உள்ளே போகும்போதெல்லாம் அது என் இலைக்கு வந்தது. ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு உதவுகிறோம் என்ற பெருமையில் முதல் ஒப்புட்டு உள்ளே போனது. மூன்றாவதை எந்தப் பெருமையாலும் தள்ள முடியவில்லை.

“ஏன் கண்ணு, கோழி கொத்தற மாதிரிக் கொத்தற? ஆரு மேல கோவம்?”

“கோவமெல்லாம் இல்லீங்கத்தை. எடையக் கொறைக்கோணுங்க.”

அக்காவின் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “ஏனுங்க மாப்பிள்ளை, எந்த ஊர்லருந்து பாக்க வாராங்க?”

பெண் உடம்பைக் குறைத்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் அந்த வீட்டில் செல்லுபடியாகும். பளு, கம்பி, பல்கலைக்கழகம் என்று நான் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சொல்ல வேண்டாமுன்னா உட்ருங்க, நாங்க கேக்கலீங்க” என்றார். நாங்கள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருடைய தொலைபேசி போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று மாலைக்குள் மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலையும் கிடைத்திருந்தது.

இரண்டாம் நாள் காங்கேயம். பகல் முழுக்க நான் இரண்டு பேருக்காகச் சாப்பிட்டேன். நான்காவது வீட்டில் கொள்ளுப் பருப்புக் கடைசலைப் பார்த்தபோது, உடம்பைக் குறைக்கும் என்று இதைச் சொல்கிறார்களே, என் வயிற்றில் மட்டும் ஏன் மறந்துவிடுகிறது என்று வருத்தமாக இருந்தது. காரில் ஏறும்போது இடுப்புப் பட்டையைத் தளர்த்தினேன். தாரணி அதைப் பார்த்தாள்.

“நெம்பக் கஷ்டப்படுத்தறனுங்களா மாமா?”

“இல்லை கண்ணு. நீ கம்பியைத் தூக்கு, நான் இலையைத் தூக்கறேன்” என்றேன். அவளுடைய பசித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

சாயங்காலம் வெள்ளகோவில் போனோம். அங்கே என் மனைவியின் பெரியப்பா மகன் குழந்தைவேலு இருக்கிறார். தாரணிக்குப் பெரியப்பா. தேங்காய்ப் பருப்பு வியாபாரம். சுற்று வட்டாரத்தில் தேங்காயை உடைத்துக் காயவைக்கிறவர்களிடம் பருப்பு வாங்கி, எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புகிறார். நாங்கள் போனபோது களம் நிறைய வெள்ளைப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளறிவிடும் நீளக் கம்பு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. தாரணி பெரியப்பாவைக் கும்பிட்ட மறு நிமிடமே அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். குந்தி உட்கார்ந்து, கம்பைத் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்து, மெதுவாக எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். வேலையாட்கள் பருப்பை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

பயிற்சி முடிந்ததும் கிடங்கு வாசலில் இருந்த பெரிய தராசு அவள் கண்ணில் பட்டது. சிவப்பு எண்கள் ஒளிரும் மின்னணுத் தராசு. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றாள். மூட்டை தூக்கும் வடநாட்டு இளைஞர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். “இந்த மூட்டை எந்த லாரிக்கு?” என்று ஒருவன் மற்றவனிடம் இந்தியில் கேட்டான். “இதை வாங்க இன்னும் விலை பேசவில்லை” என்றான் மற்றவன். மெல்பர்னுக்கு முன்பு பம்பாயில் இருந்ததால் எனக்கு இந்தி கொஞ்சம் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

“மாமா! ஐம்பத்தேழு இருநூறு!”

தராசிலேயே குதித்தாள். கால் கிலோ குறைய வேண்டிய இடத்தில் ஒரு கிலோ குறைந்திருந்தது. பெரியப்பாவும் எட்டிப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். வேலையாட்களையும், பருப்பு கொண்டுவந்து காத்திருந்த இரண்டு விவசாயிகளையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, “வாங்க, சாப்புடலாம்” என்றார்.

அன்று இரவு தாரணி சாப்பிட்டதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். தட்டைப்பயறுக் குழம்பு, கத்தரிக்காய், கெட்டித் தயிர், கடைசியாக இனிப்புக்கு ஒரு கச்சாயம். எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. பெரியப்பா மட்டும் வழக்கத்துக்கு மாறாக, “போதும் கண்ணு, வயிறு கெட்டுப்போவும்” என்று இரண்டு தடவை சொன்னார். கொங்கு நாட்டில் ஒருவர் விருந்தாளியிடம் போதும் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தாராபுரம். அமராவதியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆற்றுப் பாலத்தில் காரை நிறுத்தி, தாரணி இளநீர் வாங்கிக் கொடுத்தாள். அவளும் குடித்து, வழுக்கையையும் சுரண்டித் தின்றாள். தாராபுரத்து வீடுகளில் மாப்பிள்ளை அமெரிக்கா போய்விட்டிருந்தார். “ஒடம்பைக் கொறைக்கறீன்னாங்க, நல்லாத்தான சாப்புடற?” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். “கொறைஞ்சிருச்சுங்க” என்று சொல்லிவிட்டு இரண்டாவது வடையை எடுத்தாள். காரில் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினாள். ஒன்றரை வருடம் பட்ட பாடு முடிந்துவிட்டது என்று நானும்தான் நம்பினேன்.

நான்காம் நாள் காலை ஈரோடு. சரோஜா, என் மனைவிக்குத் தங்கை முறை. அவள் கணவர் தங்கவேல் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. பத்திரிகை கொடுத்து, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினோம். புண்ணாக்கு நிறுக்கிற தராசு சும்மா இருந்தது. தாரணி விளையாட்டாக அதில் ஏறினாள்.

அறுபது இருநூறு.

இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். அதே எண்தான். இரண்டு நாளில் மூன்று கிலோ! முகத்தில் ரத்தமே இல்லை. “ஈரோட்டு மாமா, உங்க தராசு சரியா இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

தங்கவேல் கடையில் நின்ற வாடிக்கையாளரை ஒரு கண்ணால் பார்த்தபடி, “சரியில்லாம என்னுங்க கண்ணு, கல்லு மாதிரி இருக்குது” என்றார்.

வாடிக்கையாளர் பெரிய மீசைக்காரர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சித்த நகுரு அம்மணி” என்று தராசில் ஏறினார். எண்ணைப் பார்த்தார். “ஏனுங்க தங்கவேலு, நேத்துத்தான் ஆஸ்பத்திரியில எடை பாத்தாங்க. ஒரே ராத்திரியில நான் ரெண்டு கிலோ பெருத்துப்போட்டனா?”

தங்கவேல் கல்லாப்பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். மாடியிலிருந்து சரோஜா, “நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தான!” என்றாள். மீசைக்காரர் தான் வாங்கிய மூன்று மூட்டைகளையும் அவிழ்க்கச் சொன்னார். அங்கே ஒரு தனிக் கச்சேரி தொடங்கியது.

தாரணி அதைக் கவனிக்கவில்லை. விற்கிற கடையில் தராசு கூட்டிக் காட்டுகிறது என்றால் வாங்குகிற கடையில் என்ன செய்யும் என்ற கணக்கு அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என் மனதிலும் அதுதான் ஓடியது. வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, பெரியப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“பெரீப்பா, கோவிச்சுக்கப்படாதுங்க. உங்க தராசு... சரியான தராசுங்களா?”

அந்தப் பக்கம் பருப்புக் கொட்டுகிற ஓசை கேட்டது. பிறகு அதுவும் தூரமாகப் போனது. கிடங்கை விட்டு வெளியே நடக்கிறார் போலிருந்தது.

“பக்கத்துல ஆரு இருக்கறாங்க?”

“மெல்பர்ன் மாமா மட்டுமுங்க.”

“அவரு இருந்தா இருக்கட்டும்.” பெருமூச்சு விட்டார். “கண்ணு, அது வாங்கற தராசு. நீ ஒரு மூட்டை கனம் இருக்கற. மூட்டைக்கு ஒரு கிலோ கொறைச்சுக் காட்டும். நீ ஏறி நின்னப்பவே சொல்லியிருக்கோணும். சுத்தியும் ஆளுக நின்னாங்க, வாய் வரலை. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலை, கண்ணு.”

முப்பது வருட வியாபாரத்தில் எந்த அதிகாரியிடமும் ஒப்புக்கொள்ளாததை அந்த மனிதர் ஐம்பத்தெட்டு கிலோ பெண்ணிடம் ஒப்புக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும். வந்ததும்கூட. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் அது பாதியாகக் கரைந்துவிட்டது.

“நீ எதையும் தின்னாம, அங்கயே இரு. நான் வாரேன். ஊட்ல முத்திரை போட்ட தராசு ஒண்ணு இருக்குது.”

மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். காரின் பின்பக்கத்தில் போர்வை சுற்றிப் படுத்திருந்தது அந்தத் தராசு. அரசாங்க முத்திரையோடு, கீறல் இல்லாமல், புத்தம் புதிதாக இருந்தது. “ஆபீசருக வந்தாத்தானுங்க மாப்பிள்ளை இது வெளிய வரும்” என்று என் காதில் சொன்னார். ஒரு யோக்கியமான பொருளை இவ்வளவு வெட்கத்தோடு எடுத்துவைத்து நான் பார்த்ததில்லை. தாரணி ஏறினாள்.

ஐம்பத்தெட்டு தொள்ளாயிரம்.

இனி அரைப் பகலும் ஓர் இரவும்தான். தொள்ளாயிரம் கிராம் இறங்க வேண்டும். பயிற்சியாளரைக் கூப்பிட்டோம். அந்த அம்மா முதலில் திட்டினார். பிறகு, இந்த அளவென்றால் வியர்வையில் போகும், சாப்பாடு வேண்டாம், தண்ணீர் அளவாகத் தொட்டுக்கொள், தலை சுற்றினால் உடனே நிறுத்து என்றார். வெயிலை எங்கேயும் தேட வேண்டியதில்லை. ஈரோட்டிலிருந்து கோவை வரை சாலை நெடுக இருந்தது.

தாரணி இரண்டு பனியனுக்கு மேல் ஒரு ஜெர்கின், அதற்கு மேல் சரோஜாவின் மழைக்கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஏசி கிடையாது, கண்ணாடி முழுக்க ஏற்றியாயிற்று. பெரியப்பா நான்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதமாக முன்னால் ஏறினார். அவருடைய காரை அவருடைய ஓட்டுநர் பின்னால் கொண்டுவந்தார். அதில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. “நீங்க அதுல வாங்க மாப்பிள்ளை” என்று பெரியப்பா என்னிடம் சொன்னார். பின்சீட்டைப் பார்த்தேன். இரண்டு நாள் அவளுடைய ஒப்புட்டைத் தின்றுவிட்டு இப்போது குளிரில் போய் உட்கார மனம் ஒப்பவில்லை. முன் கதவைத் திறந்து வேக்காட்டுக்குள் ஏறினேன்.

பெருந்துறை தாண்டியதும் டயர் பஞ்சர். இறங்கினால் வெளியே குளுகுளுவென்று இருந்தது. புரட்டாசி வெயிலைக் குளுகுளு என்று சொன்னதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தக் காருக்குள் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தாரணி மாற்று டயரைத் தூக்கப் போனாள். “கைய வெச்சீன்னாத் தெரியும்!” என்று பெரியப்பா போட்ட அதட்டலில் ரோட்டோர ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது. டயரை நானும் அவரும்தான் மாற்றினோம். பக்கத்தில் டீ குடிக்க நின்றிருந்த ஒரு கேரளக் குடும்பம், மழைக்கோட்டுக்குள் வேர்த்து ஊற்றும் பெண்ணையும் எங்களையும் பார்த்துவிட்டு மலையாளத்தில் பேசிக்கொண்டது. “பாவம், குளிர்க் காய்ச்சல் போலிருக்கிறது” என்றார் அம்மா. “பெண்ணுக்கா, அந்தக் கிழவர்களுக்கா?” என்று கேட்டான் மகன்.

சுங்கச்சாவடியில் பெரியப்பா கண்ணாடியை இறக்கினார். உள்ளிருந்து அடித்த அனலில் அங்கிருந்த பையன் இரண்டடி பின்னால் போனான்.

“ஏசி வேலை செய்யலீங்களா?”

“நல்லா வேலை செய்யுதுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா கண்ணாடியை ஏற்றினார்.

அவிநாசி நெருங்கும்போது பின்சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். தாரணி கண்ணை மூடியிருந்தாள். தலை சுற்றுகிறதோ என்று பயந்து காரை நிறுத்தச் சொன்னேன். “இல்லீங்க மாமா, மனசுக்குள்ள தூக்கிப் பாத்துட்டு இருக்கறேன்” என்றாள். இடது கை மட்டும் மழைக்கோட்டுக்குள் மெதுவாக நீண்டு நீண்டு மடங்கியது. நான்கு நாளாக இந்தப் பயணத்தை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இது வேடிக்கை இல்லை.

ஐந்தாம் நாள் காலை, கல்லூரிக்குப் பின்புறம் தகரக் கூரை போட்ட கூடம். திரைக்குப் பின்னால் பெண் நடுவர்கள் எடை பார்த்தார்கள். நானும் பெரியப்பாவும் வெளியே நின்றோம். வங்கியில் கடன் கேட்டு உட்கார்ந்திருப்பவர் போல அவர் வேட்டி நுனியைப் பிசைந்துகொண்டிருந்தார். தாரணி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். பெரியப்பா கையிலிருந்த தூக்குவாளியை வாங்கித் திறந்து, நின்றபடியே ஓர் இட்லியை வாயில் போட்டாள். எங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் ஐம்பத்தெட்டுக்குள் இருந்தாள்.

அந்தப் பிரிவில் இரண்டே பேர். ஒருத்தி நாமக்கல் பக்கத்து முதலாண்டு மாணவி. தாரணி அவளைவிட அதிகம் தூக்க வேண்டும். முதலில் ஸ்னாட்ச், ஆளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் அதோடு வீட்டுக்குப் போகலாம். நாமக்கல் பெண் அலட்டிக்கொள்ளாமல் தூக்கினாள். தாரணியின் முதல் வாய்ப்பில் கம்பி நெற்றி உயரம் வரை வந்தது. அங்கே அவள் கையை விட்டுவிட்டாள். கம்பி தடாலென்று முன்னால் விழுந்தது. இரண்டாவது வாய்ப்பிலும் அதே உயரத்தில் அதே மாதிரி விட்டாள். கை தூக்கிவிடும், மனசுதான் போட்டுவிடுகிறது என்று சூலூரில் அவள் சொன்னது என்ன என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

பெரியப்பாவால் உட்கார முடியவில்லை. எழுந்து, தட்டுகளை மாட்டும் இளைஞரிடம் போனார்.

“ஏனுங்க தம்பி, இந்தத் தட்டெல்லாம் எழுதியிருக்கற எடை இருக்குங்களா?”

“இருக்கும் சார்.”

“நிறுத்துப் பாத்தீங்களா? எங்கிட்டக் கார்ல தராசு இருக்குது, சரியான தராசு.”

நடுவர் அவரை உட்காரச் சொன்னார். கூடம் சிரித்தது. தூரத்தில் கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டிருந்த தாரணியும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடுதான் மேடையில் ஏறினாள். இது கடைசி வாய்ப்பு.

கம்பியைப் பிடித்தாள், இழுத்தாள். நெற்றி உயரத்தைத் தாண்டிக் கம்பி மேலே போனது. அவள் அதன் கீழே குந்தி உட்கார்ந்துவிட்டாள். இடது முழங்கை நடுங்கியது. நடுக்கம் அடங்கியது. மெதுவாக, மிக மெதுவாக எழுந்து நின்றாள். இரண்டு கையும் நேராக இருந்தன. நடுவர் கையை இறக்கி, “டவுன்!” என்றார்.

அவள் கீழே போடவில்லை.

“டவுன்மா!” என்றார் நடுவர் மறுபடியும். பயிற்சியாளர், “தாரணி, போடு!” என்று கத்தினார். அவள் அப்படியே நின்றாள். பார்வை எங்களையெல்லாம் தாண்டி எங்கேயோ இருந்தது. பிறகுதான் கம்பியை விட்டாள்.

மூன்று நடுவர்களும் சரி என்றார்கள். அடுத்த சுற்று, கம்பியைத் தோளில் ஏந்தி நிறுத்திப் பிறகு மேலே தள்ளுவது. அது அவளுக்குக் கைவந்தது. மொத்தக் கணக்கில் நாமக்கல் பெண்ணை இரண்டு கிலோவில் தாண்டினாள். பயிற்சியாளர் அணிப் பட்டியலில் தாரணியின் பெயரைப் படித்தார். பெரியப்பா அவள் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “டேய், அந்த வங்கி வகுப்புல நீ போய்ச் சேர்ந்துக்கடா” என்றார். தராசைப் பற்றி மட்டும் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மத்தியானம் மூவரும் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். தாரணி மூன்றாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் எடுத்து உதவ வேண்டியிருக்கவில்லை.

“ஏன் கண்ணு, நடுவர் ரெண்டு தடவை சொல்லியும் கீழே போடாம நின்னுட்டே? காதுல விழலையா?”

“விழுந்துச்சுங்க மாமா.” சோற்றைப் பிசைந்தாள். “ஒண்ணரை வருசமா அந்தக் கம்பிக்கு அடியில திரும்பப் போவனான்னே தெரியாம இருந்தேனுங்க. போனதுக்கப்புறம் எறக்க மனசு வரலைங்க.”